பாடகியின் இடது கை

அப்பா குளிக்கும்போது புரியாத மொழியில் முணுமுணுக்கத் தொடங்கிய வாரத்திலேயே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தோஹாவில் கடலோர ஹோட்டல் ஒன்றில் அவர் சவுண்ட் டெக்னீஷியன். அங்கே மாலைத் தேநீர் வேளையில் பாடுவதற்குப் பிரேசிலிலிருந்து ஒரு பாடகி வந்திருந்தாள். அவளுக்கு மைக் வைப்பது அப்பாவின் டியூட்டி. அதற்கு ஏன் ஒரு மணி நேரம் முன்னதாகவே போக வேண்டும், வீட்டிலிருந்த தைலம் எங்கே போயிற்று என்பதெல்லாம் அம்மாவின் கேள்விகள். அவற்றை அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. ஒன்பது வயதான என்னை அனுப்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஹோட்டலைப் பார்க்க வேண்டும் என்று என்னை அழச் சொன்னாள். அழுதேன். நஜ்மா பகுதியில் எங்கள் ஃபிளாட்டின் படியிறங்கும்போது காதருகில் குனிந்தாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லணும், என்ன?"

போகிற வழியெல்லாம் அப்பா அந்தப் பாடகியின் கதையைத்தான் சொன்னார். பதினேழு வயதிலேயே சொந்தமாகப் பாட்டுக் கட்டினாளாம். பக்கத்து வீட்டார் திட்டுவார்கள் என்று கிட்டாரை மெல்ல மீட்டி, ரகசியம் பேசுவதுபோலப் பாடிப் பழகினாளாம். போசா நோவா என்கிற பாட்டே அப்படித்தான், குரலை உயர்த்தவே கூடாது என்றார். இசைத்தட்டுகள் வந்தன. அவள் எழுதிய பாட்டுகளை வேறு பெரிய பாடகர்கள் பாடிப் பேர் வாங்கினார்கள். பிறகு லிஸ்பன், டோக்கியோ, உல்லாசக் கப்பல்கள் என்று சுற்றி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு இவ்வளவு தெரிந்திருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவின் பிறந்தநாளையே அவர் இரண்டு முறை மறந்திருக்கிறார்.

சினிமா நடிகை மாதிரி ஒருத்தியை எதிர்பார்த்துப் போனேன். நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒருத்தி வந்து என் கன்னத்தைத் தட்டினாள். இதுவும் ஏதோ நடிப்பு என்றே நினைத்தேன்.

அப்பா என்னை லாபி சோஃபாவில் உட்கார வைத்து, ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஜூஸை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அவள் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அப்பா எதிரே முட்டி போட்டு அவளுடைய இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு துண்டிலிருந்து ஆவி பறந்தது.

பிறகு அவள் வெளியே வந்து கிட்டார் மீட்டிப் பாடினாள். தேநீர்க் கோப்பைகளின் சத்தத்தை மீறாத குரல். நான் பாட்டைக் கேட்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வை அவளுடைய விரல்களை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கையைப் பற்றிச் சொன்னேன். துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு அம்மா அப்பாவிடம் அந்தக் கையைப் பற்றிக் கேட்டாள். யாரும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அவங்களுக்கு விரல் மடங்கல. தைலம் போட்டு ஒத்தடம் குடுத்தா ஒரு மணி நேரம் வாசிப்பாங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா கான்ட்ராக்ட் கலாஸ், அன்னிக்கே முடிஞ்சுது" என்றார் அப்பா.

"அதுக்கு நீங்கதான் கெடச்சீங்களா?" என்றாள் அம்மா.

அம்மா அவரை நம்பினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமே அப்பா விருந்து மண்டபத்துக்கு டியூட்டி மாற்றிக்கொண்டார். முணுமுணுப்பு நின்றது. வேலையைச் சரியாக முடித்துவிட்ட பெருமை எனக்கு.

இரண்டு வாரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார்: "மேடம் பாதிப் பாட்டுல நிறுத்திட்டாங்களாம். மேனேஜர் டிக்கெட் போட்டு அனுப்பிட்டார்."

"ஊருக்கா? லீவுலயா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒரேயடியா."

எங்கள் கட்டடத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டி கட்டும் நாளில் எல்லா வீட்டுக்கும் மிட்டாய் வரும். ஒரு மாத லீவுக்கே அவ்வளவு கொண்டாட்டம் என்றால், ஒரேயடியாகப் போகிறவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! நான் கை தட்டினேன்.

அம்மா சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.