மேலே போகும் கோடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் வைஜயந்தி டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். கல்யாணமான வருஷம் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. லைனில் மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். லைனில் வரும் குரல் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான்.

திருவள்ளூரில் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. கணவர் ராமஸ்வாமி பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்தவர். அவர் போன பிறகு வைஜயந்தி தனியானார். ஒரே மகன் அச்சுத் ஜெர்மனியில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. அம்மா தனியாக இருக்கிறாளே என்று ஒரு விடுமுறையில் வந்தபோது வீட்டை ஆட்டோமேஷனுக்கு மாற்றிவிட்டுப் போனான். மோட்டார் தானே நிற்கும், வாசல் விளக்கு தானே எரியும். கூடத்தில் ஒரு கேமரா. சுவரில் ஒரு டேப்லெட், அதில் எல்லா விவரமும் தெரியும். நெட் அடிக்கடி மந்தமாகிறது என்று அதன் வேகத்தை அளக்கவும் ஏற்பாடு செய்திருந்தான். நீலக் கோடு ஒன்று, ஆரஞ்சுக் கோடு ஒன்று.

அந்தக் கோடுகளுக்கு அர்த்தம் சொன்னவர் நெட் கனெக்‌ஷன் பார்க்கிற கோபால். "நீலம் ஊட்டுக்குள்ள வர்ற நெட்டும்மா. ஆரஞ்சு, இங்கேர்ந்து வெளிய போறது. உங்க பையன் அங்கேர்ந்து கேமராவ தொறந்து பாத்தாருன்னா அது மேல போவும்."

அன்றிலிருந்து ஆரஞ்சுக் கோடு எழும்பினால் வைஜயந்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார். மகன் பார்க்கிறான். மத்தியானம் தட்டோடு கூடத்தில் உட்காரும்போதெல்லாம் கோடு எழும்பியது. சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார். "ஏன்டா, தெனம் மத்தியானம் பாத்துண்டே இருக்கியே, ஒரு வார்த்தை பேசப்படாதா?"

"மத்தியானமா? அப்போ நான் பிளான்ட்டுக்குள்ள இருப்பேன்மா. போனை வெளியிலேயே வாங்கி வெச்சுடுவா."

வைஜயந்தி பேச்சை மாற்றிவிட்டார். மறுநாள் மத்தியானமும் கோடு எழும்பியது. வாயருகே கொண்டுபோன கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். கேமராவின் சின்னக் கண் எதிரே இருந்தது. போனவர்தான் பார்க்கிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ராமஸ்வாமி அப்படித்தான், தளிகை முடிந்து வந்து, வைஜயந்தி சாப்பிடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்துக் கேமராமேல் போட்டார். சற்று நேரத்தில் கோடு இறங்கியது, யாரோ கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனதுபோல.

பிறகு கோடு ஒரு கணம் துள்ளி அடங்குமே தவிர, எழும்பி நிற்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சாதம் இறங்கவில்லை. தட்டைப் பார்க்கவும் ஆளில்லாத வீடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஒருநாள் துண்டை எடுத்துவிட்டுக் கோபாலை வரச்சொன்னார்.

"இன்னாம்மா, நெட்டு வரலியா?"

"வர்றது. போறதுதான் பயமா இருக்கு."

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே கோடு எழும்பியது. கோபால் டேப்லெட்டில் எதையோ திறந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கு லாகின் இருக்குதும்மா. ஒண்ணு அச்சுத் சாரு. இன்னொண்ணு ஸஹானான்னு போட்டுகுது. இப்ப பாத்துகினு இருக்கறது அவங்கதான். எடுத்துடட்டா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

ஸஹானா அவருடைய மருமகள். மருமகளாக இருந்தவள். கேமரா வைத்தபோது அச்சுத் அவளுக்கும் லாகின் கொடுத்திருக்க வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு அவள் அம்பத்தூரில் ஏதோ ஹாஸ்டலில் இருப்பதாகக் கேள்வி. என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியாமல் மாமியாரும் அவளும் தொடர்பில்லாமல் இருந்துவிட்டார்கள்.

கோபால் போன பிறகு, கேமராவுக்கு நேராக உட்கார்ந்து வைஜயந்தி அவள் நம்பரைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். "எடும்மா."

எடுத்தாள். வைஜயந்தியே முந்திக்கொண்டார்.

"நீதான்னு தெரியும்."

"ஸாரிம்மா. நீங்க ஒருதரம் கோயில்ல மயங்கி விழுந்தேள்னு கேள்விப்பட்டு, பயந்துண்டு ஒருநாள் பாத்தேன். அப்புறம் நிறுத்த முடியலை. லஞ்ச்ல டப்பாவைத் திறந்து வெச்சுண்டு, உங்களோட சேர்ந்து சாப்பிடற மாதிரி..."

"நான் பயந்து செத்தேன்டி."

"துண்டைப் போட்டப்பவே உங்களுக்குப் புரிஞ்சுடுத்துன்னு நெனச்சேன். தினமும் திறந்து, இருட்டா இருந்ததும் மூடிடுவேன்."

"இப்படிப் பாக்க வேண்டாம். நேர்ல வா."

மகனிடம் மறைக்கவில்லை. அவன், "அவ லாகினை எடுத்துடறேன்மா" என்றான்.

"எடுத்துடு. அவ இங்க வரேன்னிருக்கா."

ஸஹானா ஒரு சனிக்கிழமை மின்சார ரயிலில் வந்தாள். கூடத்தில் அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுக் கோடு எழும்பியது. அவளும் பார்த்தாள்.

"அவரா?"

வைஜயந்தி தலையசைத்தார். ஸஹானா நாற்காலியைக் கேமராவுக்கு எட்டாத மூலைக்கு நகர்த்திக்கொண்டாள். பிறகு இருவரும் அடுக்களையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தன் பழைய அறைப் பக்கம் அவள் போகவில்லை.

சாயந்தரம் அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபோது கூடம் இருண்டிருந்தது. டேப்லெட்டில் கோடு இன்னும் இறங்கவில்லை. யாருமில்லாத கூடத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வைஜயந்தி போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போலப் பேசினான். அங்கே பனி என்றான், இங்கே மோட்டார் சரியாக ஓடுகிறதா என்றான். வைக்கப்போகிற நேரத்தில், "அவ ஏம்மா அப்படி இளைச்சுப் போயிருக்கா?" என்றான்.

"மறுபடி வந்தா கேக்கறேன்" என்றார்.