பனாட்டு மணந்த வைன்

கற்பிட்டியில், கடலேரிக் கரையில் இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் எனக்கு மேசை பார்க்கும் வேலை. சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஊர் எதுவென்று யாரும் கேட்டால், இதே மாவட்டத்து முந்தல் என்பேன். அங்கே ஒரு மாமி இருந்தார். அவ்வளவுதான் எனக்கும் அந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம். உண்மையில் நான் முல்லைத்தீவுப் பக்கம். அது தெரிந்தால் படையினர் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அப்படிப் போன சிலர் திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தோடுதான் சாப்பிட்டேன், அதோடுதான் படுத்தேன்.

சமையலறையில் சமைத்த முஸ்லிம் அக்காவை ராத்தா என்போம். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தில்லையடியில் குடியேறியவர். என் பேச்சைக் கேட்ட முதல் நாளே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "கதைய கொறைங்க தம்பி. ஒங்களுக்கு வாய்தான் எதிரி" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னது சரி.

ஒரு மதியம், பிரான்சிலிருந்து வந்திருந்த புருசனும் பெண்சாதியும் தாங்கள் கொண்டுவந்த வைன் போத்தலைத் திறந்தார்கள். அவர்களோடு முதலாளியின் கூட்டாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாதாரண உடுப்புத்தான், ஆனால் கடற்படை அதிகாரி.

பேர்தான் வெள்ளை வைன், நிறம் பொன். ஓக் மரப் பீப்பாவில் மாதக்கணக்காகக் கிடந்ததாம். வெண்ணெயும் வாட்டிய பாண் ரொட்டியும் சேர்ந்த மணமாம். வெறும் பொரித்த மீன் இதற்குத் தாங்காது, கொஞ்சம் கொழுப்பாக ஏதாவது வேண்டும், உறைப்பு மட்டும் கூடாது என்றார் புருசன்காரர். நான் யோசிக்கவே இல்லை. பாரை மீனில் பால் சொதி வைக்கும்படி ராத்தாவிடம் சொன்னேன். கெட்டித் தேங்காய்ப்பால், பேருக்கு ஒரு பச்சை மிளகாய், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு.

"அந்தப் போத்தல இங்கிட்டு கொண்டு வந்துராதீங்க" என்றபடி சொதிக் கோப்பையை நீட்டினார் ராத்தா. "வச்சிட்டு வாய மூடிக்கிட்டு வாங்க."

பெண்சாதி ஒரு கரண்டி சொதி குடித்தார், ஒரு மிடறு வைன் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். இரண்டும் அவ்வளவு பொருந்திப்போயின. சந்தோசத்தில் கிளாசை என் மூக்குக்கு நேரே பிடித்து, "உனக்கு என்ன மணக்கிறது?" என்று கேட்டார். சிரித்துவிட்டு விலகியிருக்கலாம். ஆனால் வெயிலில் காய்ந்த இனிப்பு மணம், அடியில் மெல்லிய புகை. எங்கள் முற்றத்துப் பாயில் காயும் பனம்பழக் களி என் முன்னால் வந்து நின்றது.

"பனாட்டு" என்றேன்.

அதிகாரியின் கரண்டி நின்றது. "பனாட்டு?" என்று திருப்பிச் சொன்னார். பிறகு சிங்களத்தில், "கம கொஹேத?" ஊர் எது என்று கேட்கிறார்.

"முந்தல், சேர்."

"முந்தலில் தென்னையல்லவா? பனாட்டு யார் போடுகிறார்கள்?"

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த தண்ணீர்ச் சாடியை மேசையில் வைத்துவிட்டேன். சமையலறை வாசலில் ராத்தாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எனக்காக ஓதுகிறார் என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது.

அதிகாரி என்னை விட்டுவிட்டு விருந்தாளிகளிடம் திரும்பினார். பனம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்வது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். "நான் வடக்கில் இருந்தபோது ஒரு வீட்டில் ஓலைப்பெட்டி நிறையக் கிடந்தது. வீட்டில் ஆட்கள் இல்லை. பங்கிட்டுச் சாப்பிட்டோம். நல்ல ருசி." அவர்கள் தலையாட்டினார்கள். யாருடைய வீடு என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அதிகாரி என் கையை மெல்லத் தட்டினார். "பயப்படாதே. அடுத்த முறை வீட்டுக்குப் போனால் எனக்கும் கொஞ்சம் கொண்டு வா. அம்மாவிடம் கேள்."

சரி என்று தலையாட்டி, "ஹரி, சேர்" என்றேன். அவருடைய கிளாசில் வைனை ஊற்றினேன்.

அம்மாவை நானே அப்போது தேடிக்கொண்டிருந்தேன். சண்டையின் கடைசி நாட்களில் கடற்கரையில் பிரிந்தவர். இந்த மனிதர் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார், ஒருவேளை கண்டிருப்பார், கேட்டுப் பார்ப்போமா என்று நினைத்தேன். கேட்கப் பயம் விடவில்லை.