அக்கா பேரை அடிச்ச புத்தகம்

மைதாப் பசை கொதிக்கிற வாசனை தெரியுமா உங்களுக்கு? பூச்சி அரிக்காம இருக்க அதுல மயில்துத்தம் போட்டதும் ஒரு காட்டம் ஏறும் பாருங்க... எங்க வீட்ல சாயந்தரம்னாலே அந்த வாசனைதான்.

ஆமத்தூர்ல எங்க தெருவுல முக்கால்வாசி வீட்ல தீப்பெட்டி ஒட்டுவாங்க. எங்க வீட்ல ஒட்டுறது செல்வி அக்கா. என்னைவிட ஏழு வயசு மூப்பு. அப்பாவும் அம்மாவும் கம்பெனி வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள ஒரு சாக்கு பெட்டி ஒட்டி வச்சிருப்பா.

அவ முன்னால ஒரு படக்கதை புக் விரிச்சுக் கெடக்கும்.

ஒரு ஆட்டுக்குட்டி கடலைப் பாக்கணும்னு தனியா கெளம்பிப் போற கதை. பக்கத்துக்கு ஒரு படம், அடியில ரெண்டு வரி. அம்புட்டுதான். அக்கா கையெல்லாம் பசையா இருக்கும், அதனால பக்கம் திருப்புற வேலை எனக்கு. "ஏலே, திருப்பு"ன்னுவா. திருப்புவேன். கை பாட்டுக்கு ஒட்டும், வாய் பாட்டுக்கு வாசிக்கும்.

கடைசி ரெண்டு பக்கமும் ஒரே நீலம். ஓரத்துல துளியூண்டு ஆட்டுக்குட்டி.

"கடல்னா எம்புட்டு பெருசுக்கா?"

"நான் மட்டும் பாத்திருக்கேனா? வெம்பக்கோட்டை டேம் மாதிரி நூறு இருக்கும்லே."

அந்த டேமையும் நாங்க ரெண்டு பேரும் அப்ப பாத்ததில்ல. ஆனாலும் எனக்கு அந்த பதில் போதுமா இருந்துச்சு...

போன மாசம் ஆமத்தூர் வீட்டை இடிச்சுக் கட்டலாம்னு சாமான் ஒதுக்கிட்டு இருந்தோம். அப்பாவோட தகரப் பெட்டியில, பழைய ரேஷன் கார்டுக்கு அடியில அந்த புக். அட்டை போயிருச்சு. ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்கு. ஆனா ஆட்டுக்குட்டி அப்படியே நிக்குது!

என் வயசை மறந்து அங்கனயே தரையில உக்காந்துட்டேன். என் பொண்ணு யாழினி, மூணாப்பு படிக்கிறா. பையன் கவினுக்கு அஞ்சு வயசு. ரெண்டையும் கூப்பிட்டு, "இதுதான் அப்பாவோட புக்"னு பெருமையா காட்டினேன்.

யாழினி முதல் பக்கத்தை உத்துப் பாத்தா.

"அப்பா, இது உங்க புக் இல்லையே. வேற பேர் எழுதி அடிச்சிருக்கு."

வாங்கிப் பாத்தேன். ஒரு டீச்சர் கையெழுத்து, முத்து முத்தா. 'ப. செல்வி, ஐந்தாம் வகுப்பு, வாசிப்பில் முதல் பரிசு.' அது மேல நீல பேனாவுல ரெண்டு கோடு. கீழ கோணல்மாணலா 'முறுகன்'னு என் பேர். தப்பா எழுதியிருக்கேன்.

அந்த அஞ்சாப்போடதான் அக்காவோட படிப்பு நின்னுச்சு. நான் படிச்சேன். இன்னைக்கு விருதுநகர்ல ஒரு ஸ்கூல்ல தமிழ் வாத்தியாரா இருக்கேன். அவ வாங்குன ஒரே பரிசு... அதுலயும் அவ பேரை அடிச்சிருக்கேன். எப்ப அடிச்சேன்னு எம்புட்டு யோசிச்சும் ஞாபகம் வரல.

அக்காவை வெம்பக்கோட்டைப் பக்கம்தான் கட்டிக் குடுத்திருக்கு. அவளுக்குப் பட்டாசு கம்பெனியில வேலை. ஞாயித்துக்கிழமை லீவுன்னு வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். "வாங்க, சாப்பிட்டீகளா"ன்னு அக்கா என் வீட்டுக்காரியைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. நான் புக்கை எடுத்து நீட்டினேன். முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவ பாத்தா. சிரிச்சுட்டா.

"ஏலே, நான்தான அடிக்கச் சொன்னேன்! நீ பேர் எழுதப் படிச்ச அன்னைக்கு. 'இனிமே ஸ்கூலுக்குப் போறவன் நீதான, உன் பேரை எழுதிக்கோ'ன்னு பேனாவைக் குடுத்தேன். நீ மாட்டேன்னு ஒரே அழுகை. நான்தான் உன் கையைப் பிடிச்சு கோடு போட்டேன்."



கவின் போய் அவ மடியில ஏறிட்டான். "அத்தை, வாசிங்க."

"எழுத்தெல்லாம் மறந்து போச்சுய்யா"ன்னா. ஆனா கையை சேலையில நல்லா தொடச்சா. விரலை வரிக்கு அடியில வச்சா.

"ஆட்டுக்... குட்டி... நடந்தது. நடந்து... கொண்டே... இருந்தது..."

அஞ்சாப்பு பிள்ளைக வகுப்புல எந்திரிச்சு நின்னு வாசிக்கும் பாருங்க, ஒரு ராகத்தோட... அதே ராகம். அவளுக்கு அம்பது ஆகப் போகுது. வாசிப்புக்கு மட்டும் இன்னும் பத்து வயசு. என் பிள்ளைக வாயைத் திறக்காம கேட்டுச்சுக. கடல் வந்ததும் கவின் கைதட்டுனான்.

நான் எந்திரிச்சு வெளிய போய் பைக்கைத் துடைக்கிற மாதிரி நின்னுக்கிட்டேன்.

இப்ப என் வீட்ல பிள்ளைகளுக்கு ஒரு ஷெல்ஃப் நெறைய புக். வழவழன்னு பேப்பர், தொட்டா சத்தம் போடுற புக்குகூட இருக்கு. வாசிச்சுக் காட்டுறதுக்கு வாத்தியாரே வீட்ல இருக்கேன். அப்ப எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு புக், ஒரே ஒரு குரல். அது மாதிரி ஒரு கதையை நான் இன்னும் என் பிள்ளைகளுக்குச் சொல்லலன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கெளம்பும்போது யாழினி புக்கை அக்கா கையில குடுத்து, "உங்களுதுதான அத்தை"ன்னா. அக்கா வேண்டாம்னு சொல்லல. நெஞ்சோட வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. பிள்ளைக கொஞ்சம் தள்ளிப் போனதும் மெதுவா கேட்டா:

"ஏலே... பெரியாளுககூட எட்டாப்பு பரீட்சை எழுதலாமாமே? நெசமா?"

"எழுதலாம்க்கா. நான் சொல்லித் தர்றேன். வர்ற வாரமே..."

"சும்மாதான்லே கேட்டேன்"னு சிரிச்சா. அப்புறம் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா...

"தீவாளி சீசன் முடியட்டும்."