வேறு படை அதிகாரி போட்ட ஏழு

ஹெட் கிளார்க் அண்ணாச்சி தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"படிச்சிட்டுப் போடு பிள்ள."

அது என் வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கை. நாங்கள் ஏ.சி.ஆர். என்போம். பொறுப்பானவர், நேரம் தவறாதவர், படகுக்காரர்களிடம் பேசத் தெரிந்தவர் என்று குறிப்புகளெல்லாம் நன்றாகவே இருந்தன. கடைசிக் கட்டத்தில் மொத்த மதிப்பெண் இருந்தது. பத்துக்கு ஏழு.

"ஏழா அண்ணாச்சி?"

"ஏழுதான். நானும் ரெண்டு தடவ கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாத்துட்டேன். அங்கன கண்ட்ரோல் ரூம்ல எவன்ட்டயாவது சண்ட கிண்ட போட்டியா?"

எங்கள் யூனிட்டில் எட்டுக்குக் கீழே வாங்கினால் அந்த வருடம் கேடர் கோர்ஸ் கிடையாது. கோர்ஸ் முடிக்காமல் கான்ஸ்டபிள் ஹெட் கான்ஸ்டபிள் ஆக முடியாது. லீவு முடிந்து ஒரு வாரம் கழித்து வந்து நிற்பவருக்குத்தான் எங்களிடம் ஏழு போடுவார்கள். சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து ஒரு மெமோ கூட வாங்காதவள் நான். கையெழுத்துப் போட்டேன்.

1. இரண்டு வீட்டு மருமகள்

எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்கள், வேறு படைக்குத் தற்காலிகமாக அனுப்பும் அட்டாச்மென்ட் ஆர்டர் கையில் வந்ததும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படைகளின் பெயர் வேண்டாம்.

எங்கள் படை துறைமுகத்தின் கேட்டுகளைக் காக்கிறது. கடலைப் பார்க்கிற கண்ட்ரோல் ரூம் இன்னொரு படையினுடையது. தமிழில் வயர்லெஸ் பேச ஆள் போதவில்லை என்று அவர்கள் கேட்க, என்னை அனுப்பினார்கள். சம்பளமும் லீவும் எங்கள் யூனிட்டில். வேலையும் திட்டும் அங்கே. மூன்று மாதத்துக்கு மேல் யார் கீழ் வேலை செய்கிறோமோ அவர்தான் ஏ.சி.ஆர். எழுத வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் ஃபாரம், அதை முன்பின் பார்த்திராத கண்ட்ரோல் ரூம் ஆபீசரிடம் போனது.

அவர் கடலூர்க்காரர். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒருநாள் காலை, நிலக்கரிக் கப்பல் ஒன்று உள்ளே வரும் வழியில் ராடாரில் சின்னப் புள்ளி ஒன்று நகராமல் நின்றது. சங்கு குளிக்கிறவர்களின் படகு. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. படகுக்காரர்களின் போன் நம்பர்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் படகு முதலாளியைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க படகு கப்பல் வார வழியில நிக்கி. ஆளுவள மேல ஏத்தச் சொல்லுங்க."

"ஏ தாயி, ரெண்டு பேரு அடியில கெடக்கானுவளே!"

"அப்பம் சீக்கிரம் கயித்த இழுக்கச் சொல்லுங்க. நான் கப்பல மெதுவா வரச் சொல்லுதேன்."

கப்பல் வேகத்தைக் குறைத்தது. படகு விலகியது. ஆபீசர் லாக் புக்கில் நேரத்தைச் சரிபார்த்தார். "எழுத்து தெளிவா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

2. பத்து நாள்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டதிலிருந்து பதினைந்து நாளுக்குள் ரெப்ரசென்டேஷன், அதாவது மறுபரிசீலனை மனு, கொடுக்கலாம். அன்றே அண்ணாச்சி சொன்னார்:

"அங்கன போயி அவர்ட்டயே கேளு பிள்ள. வெவரம் தெரிஞ்சா எழுத வசதியா இருக்கும்."

"நான் எதுக்கு அண்ணாச்சி மார்க்குக்குக் கெஞ்சணும்?"

"கெஞ்சச் சொல்லல. கேக்கச் சொன்னேன்."

நான் போகவில்லை. சாத்தான்குளம் பக்கத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். இதுவரை வாங்கிய எதையும் ஒருவரிடம் போய் நின்று வாங்கியதில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பத்துக்கு ஏழுன்னா பாஸுதானளா? பெறகு ஏன் அழுத?" என்றாள். அழவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தினமும் அந்த ஆபீசர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். படகு எண்களைச் சொன்னேன், நேரத்தை எழுதினேன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது வித்தியாசமாகக்கூடப் பட்டிருக்காது. அவரும் அப்படித்தான் இருப்பார். இரவில் படுத்தால் அங்கே வேலை பார்த்த பத்து மாதத்தில் எங்கே தவறினேன் என்று ஒவ்வொரு ஷிப்டாக நினைத்துப் பார்ப்பேன்.

பதினோராம் நாள் எங்கள் பாரக்கில் ஜெபா வந்து நின்றாள். சாயர்புரத்துக்காரி, என்னைவிட ஒரு பேட்ச் இளையவள்.

"அக்கா, ஒங்க ட்ரங்குப் பெட்டியத் தாரியளா? கோர்ஸுக்கு என் பேரு போகுதாம், கொண்டு போகணும். நீங்கதான் போகலையே."

அவளுக்கு ஒரு கள்ளமும் இல்லை. "எடுத்துக்கோ" என்றேன். துணிகளைக் கட்டில்மேல் கொட்டிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நேராகக் கண்ட்ரோல் ரூமுக்கு நடந்தேன்.

3. பாயசம்

"மார்க் கேக்க வந்தியா?" என்றார் ஆபீசர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல சார். நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேக்க வந்தேன்."

அப்போதுதான் திரும்பினார். "தப்பா? யார் சொன்னா?"

"ஏழு போட்டிருக்கீங்க சார்."

"ஆமா, ஏழு போட்டிருக்கேன்! இந்த ரூம்ல வேற யாருக்குப் போட்டேன்? என் ஆளுங்களுக்கே ஆறுதான். போன வருஷம் எனக்கு எங்க பெரியவர் போட்டது ஆறரை. அதுக்கு எங்க வீட்ல பாயசம் வெச்சாங்க."

எங்கள் கணக்கைச் சொன்னேன். எட்டுக்குக் கீழே கோர்ஸ் இல்லை, ஏழு என்றால் தண்டனை மாதிரி என்று. அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பத்து மாசமா பக்கத்துல உக்காந்திருக்க. அந்த ஃபாரம் ஒரு வாரம் இதே மேஜைல கெடந்துச்சு. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"மார்க்குக்கு அலையறான்னு நெனப்பீங்கன்னு இருந்துட்டேன் சார்."

"நெனச்சிருப்பேன். நெனச்சிக்கிட்டே எட்டரை போட்டிருப்பேன்."

கையெழுத்துப் போட்ட எண்ணைத் திருத்த மாட்டேன் என்றார். அது சரிதான். ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். தன் படையில் மதிப்பெண் எப்படிப் போடுவார்கள், தான் அந்த வருடம் ஏழு கொடுத்த ஒரே ஆள் யார், சங்குப் படகு விஷயம் என்று ஒரு பக்கம். அதை இணைத்து அன்று சாயங்காலமே ரெப்ரசென்டேஷனை அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

ஃபைல் மேஜை மேஜையாக ஏறி முடிக்க எட்டு நாள் ஆனது. எங்கள் கமாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். மதிப்பெண்ணை எட்டரையாக உயர்த்தி எழுதியிருந்தார்.

"சந்தோஷமா? ஆனா கோர்ஸ் லிஸ்ட் முந்தாநாள் போயிருச்சும்மா. இனி அடுத்த வருஷந்தான்."

சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

4. போகிறவர்களுக்கு

வேறு படைக்கு அட்டாச்மென்ட் போகிறீர்கள் என்றால், உங்கள் யூனிட்டில் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதி, முதல் வாரமே அந்த ஆபீசரிடம் கொடுங்கள். முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். உங்களைப் பற்றி எழுதப் போகிறவருக்கு உங்கள் வேலை தெரியும், உங்கள் வீட்டு அளவுகோல் தெரியாது. அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

ஏழு போட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஃபாரத்தோடு ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பாத எங்கள் ஆபீஸின்மேல் கொஞ்ச நாள் இருந்தது, அதுவும் போய்விட்டது. முதல் நாளே போய்க் கேட்டிருந்தால் லிஸ்டில் என் பெயர் இருந்திருக்கும். நடுவில் போன அந்தப் பத்து நாளை யார்மேல் போடுவது என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என்னைத் தவிர ஆள் இல்லை.

அடுத்த வருடம் நானும் கோர்ஸ் போனேன். ஆனால் சீனியாரிட்டியில் ஜெபா எனக்கு மேலே போய்விட்டாள். இனி அது மாறாது. கேட் டியூட்டி ரோஸ்டரை இப்போது அவள்தான் போடுகிறாள். தனியாக இருக்கும்போது அக்கா என்கிறாள். மற்றவர்கள் முன்னால் நான் அவளை மேடம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக வேண்டுமென்றால் அவளிடம் போய் நின்றுதான் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமையே போய்க் கேட்டுவிடுகிறேன்.