கழித்தல் குறி போட்ட கோடு

யாரும் கேட்காமலே ஒருவனைத் தேர்தலில் தோற்கடித்துக் கொடுத்தவன் நான். அதுவும் இலவசமாக.

திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மனிதர்களைப் புள்ளிகளாக வைத்து, யார் யாரோடு பேசுகிறார்களோ அவர்களுக்கிடையே கோடு போட்டு, அந்தக் கோடுகள் எந்தப் பழக்கத்தில் விழுகின்றன என்று கணினியைக் கற்றுக்கொள்ள வைப்பது என் ஆராய்ச்சி. டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் விஷயம் என்பது என் மனைவியின் கருத்து.

ஊர் ஆலங்குடிப் பக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், இப்போது தேங்காய் வியாபாரி, சில வருஷங்களுக்கு முன் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றான். நான் லீவு போட்டுவிட்டு லேப்டாப்போடு போய் இறங்கினேன். ஊர் முழுக்க விசாரித்துப் படம் வரைந்தேன். மேலத்தெருவின் கோடுகளெல்லாம் மாவு மில் வைத்திருக்கும் அக்காவிடம் போய்ச் சேர்ந்தன.

"மாப்ள, மேலத்தெருவுக்கு நீ நடக்கவே வேணாம். மில்லு அக்காகிட்ட மட்டும் பேசு. தெருவே நம்ம பக்கம் வந்துரும்."

"வாசல் வாசலா நின்னு கும்புட்டுக் கேக்கணும்டா. இல்லாட்டித் தப்பா எடுத்துக்குவாங்க."

"அதெல்லாம் அந்தக் காலம். படத்தைப் பாரு."

பார்த்தான். படம் புரியவில்லை, என்னை நம்பினான். மில்லு அக்காவிடம் மட்டும் பேசினான். மேலத்தெருவை விட்டுவிட்டு மற்ற எல்லாத் தெருவிலும் வாசல் ஏறினான். மேலத்தெரு அவனை விட்டுவிட்டது. தோற்றான்.

மில்லு அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"நான் சொன்னேன் தம்பி. 'ஒன் வாசலுக்கு வரத் தெரிஞ்ச காலுக்கு எங்க வாசல் தெரியலையா'ன்னு என்னையே கேக்குறாங்க. கேட்டுக் கேட்டு, கடைசியில எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

அதாவது, அக்காவின் ஓட்டும் விழவில்லை. நான் செல்வாக்கு என்று போட்ட கோடுகளில் பாதி, மாவு அரைக்கப் போனவர்களுடையவை.

அவன் சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னான். "தோத்தது பரவால்ல. எங்க அப்பா செத்தப்ப தோள் கொடுத்தது அந்தத் தெருக்காரங்க. அவங்க வாசலை மிதிக்காம வச்சுட்ட." அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அதற்குமுன் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவான். சேதி ஒன்றும் இருக்காது. லாரி இன்னும் வரவில்லை என்பான், அங்கிட்டு மழையா என்பான், வைத்துவிடுவான். அந்த ஒன்றுமில்லாத பேச்சுக்காக இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பேப்பரில் தேங்காய் விலை ஏறினால் திருச்சியில் உட்கார்ந்து நான் சந்தோஷப்படுகிறேன். எனக்கென்று ஒரு தென்னங்கன்றுகூடக் கிடையாது.

இந்த வருஷம் ஆராய்ச்சிக்காக மறுபடி எங்கள் ஊரையே எடுத்தேன். மாணவர்கள் வீடு வீடாகப் படிவம் நிரப்பினார்கள். அவன் வீட்டு நாய் கடிக்கும் என்று அவர்களிடம் பொய் சொல்லிவிட்டு, அங்கே மட்டும் நானே போனேன். அவன் வீட்டில் நாயே இல்லை.

"வாங்க சார்," என்று நாற்காலி எடுத்துப் போட்டான். அந்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டது அன்றுதான் முதல் தடவை. அதன் நுனியில் உட்கார்ந்தேன்.

"முக்கியமான விஷயம்னா யாரைக் கலந்துக்குவீங்க?" படிவத்தில் உள்ளபடி கேட்டேன்.

"வீட்டுல. அப்பறம் லாரி டிரைவரை."

"அரசியல் யாருகூடப் பேசுவீங்க?"

"பேசுறதில்ல. ஒருக்கா பேசுனதே போதும்."

கடைசிக் கேள்வி, முன்பு நன்றாகப் பேசிப் பழகி இப்போது பேசாமல் இருக்கும் ஆள் உண்டா என்பது. அதை நான்தான் சேர்த்திருந்தேன். சேர்க்கும்போது அறிவியல் வளர்ச்சியைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று சத்தியம் செய்யத் தயார்.

முற்றத்துத் தேங்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒருத்தன் இருக்கான். எழுதிக்கங்க."

"பேரு?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்."

என் பெயரை நானே எழுதினேன்.

"இனிஷியலும் போடுங்க. ஊர்ல அந்தப் பேர்ல மூணு பேரு இருக்காங்க. மத்த ரெண்டு பேரும் பாவம்."

அவன் சிரிக்கவில்லை, நான் சிரித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவன் எழுந்து போனான். ஹாரன் மேல் பழி போட எனக்கும் ஆசைதான். உண்மையில், நிறையப் படித்த அந்த வாய்க்கு அடுத்த வார்த்தை வரவில்லை.

பேசாத உறவுக்குக் கழித்தல் குறி போடுவது எங்கள் வழக்கம். அவன் புள்ளியிலிருந்து என் புள்ளிக்கு ஒரு கழித்தல் கோடு கிடைத்திருக்கிறது. கோடே இல்லாமல் போவதற்கு இது தேவலாம் என்று அன்றிலிருந்து தேற்றிக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கு முறையில் ஒரு வசதி உண்டு. ஊரின் பழக்கங்களைக் கற்றபின், அதே ஆட்களை வைத்துக் கற்பனை ஊர்களை உண்டாக்கும்படி கணினியிடம் சொல்லலாம். நிஜ ஊரோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க. இருவருக்குப் பொதுவாகத் தெரிந்தவர்கள் அதிகமாக இருந்தால் அவர்களுக்குள்ளும் கோடு விழும் என்பது அது கற்ற பழக்கங்களில் ஒன்று. எங்களுக்குப் பாதி ஊர் பொது. அதனால் பெரும்பாலான கற்பனை ஊர்களில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தேவைக்கு மேலேயே ஊர்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கள் இரண்டு புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறேன். அந்த ஊர்கள் எதற்கும் பஸ் கிடையாது.