மூன்றாவது வரிசையில் காலியான நாற்காலி

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ராயபுரத்தில் மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறும் மிதவையும் விற்கும் ஒரு கடையின் மாடியில் நடந்தது இது.

மணலியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. கண்ணாடிக் குழாயில் அளவு எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். வீட்டிலும் நான் அப்படித்தான். அன்றன்று நடந்ததை அன்றன்றே டைரியில் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். இப்படிப்பட்டவன் ஞாயிறுதோறும் மெக்சிகோ நாட்டு முகமூடி மல்யுத்தம் பார்க்கப் போகிறேன் என்றால் உடன் வேலை செய்பவர்கள் நம்புவதே இல்லை.

லூச்சா லீப்ரே என்பது அந்த மல்யுத்தத்தின் பெயர். வீரர்கள் முழு முகத்தையும் மூடி, பின்னந்தலையில் நாடா கட்டிய முகமூடியோடு மேடை ஏறுவார்கள். கயிற்றின் மேல் ஏறிப் பறவைபோல் பாய்வார்கள். மூன்று சுற்றில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். சில ஆட்டங்களில் முகமூடியையே பந்தயம் வைப்பதுண்டு. தோற்றவர் அங்கேயே, எல்லோர் முன்னும் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த முகமூடியை அவர் வாழ்நாளில் அணிய முடியாது.

நாங்கள் நான்கு பேர். கயிற்றுக்கடை பாய்தான் மாடியையும் புரொஜெக்டரையும் தந்தவர். எர்ணாவூரில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர். இளம் வயதில் மாவட்ட அளவில் கபடி ஆடியவர். மூன்றாமவர் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கப்பலண்ணன் என்போம். நான்காவது நான். அவர்களுக்கு நான் 'லேப் சாரு.'

சுண்ணாம்பு அடித்த சுவர்தான் எங்கள் திரை. உப்புக் காற்றில் ஒரு மூலையில் காரை பெயர்ந்திருக்கும். அதனால் எந்த ஊர் ஆட்டமானாலும் மேடையின் வலது ஓரத்தில் ஒரு தீவு மிதக்கும். பழைய ஒளிப்பதிவுகள் நீருக்கடியில் நடப்பவைபோல் அசையும். வர்ணனை ஸ்பானிய மொழியில் ஓடும். எங்களில் யாருக்கும் ஒரு சொல் புரியாது. ஆனாலும் சத்தத்தைக் குறைக்க மாட்டோம். கீழே சுருள் சுருளாகக் கிடக்கும் புதுக்கயிற்றின் வாசனை படியேறி வரும். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மெதுவாகத் தலையைத் திருப்பும். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது எது மெக்சிகோ, எது ராயபுரம் என்று சில நேரம் எனக்குக் குழம்பிவிடும்.

சுவரின் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. எங்கள் பார்வையில் தலைசிறந்த பத்து ஆட்டங்களின் வரிசை அதில் இருக்கும். வீரர்களின் உண்மையான பெயர் வாயில் நுழையாததால் முகமூடியைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். வென்றவர் பெயர் முதலில், தோற்றவர் பெயர் அடுத்து. ஓர் ஆட்டம் ஓர் இடம் மேலே போக நால்வரும் சம்மதிக்க வேண்டும். பார்ப்பதற்கு முன் யாரும் முடிவைத் தேடித் தெரிந்துகொள்ளக் கூடாது. எழுதுவது என் பொறுப்பு.

அந்தப் பலகையில் முதலிடம் மட்டும் ஒருமுறைகூட மாறியதில்லை. 'அலை – தேள்.'

அது கப்பலண்ணனின் ஆட்டம். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய கப்பல் மெக்சிகோவின் ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தபோது அவர் நேரில் போய்ப் பார்த்தது. நீலத்தில் வெள்ளை வளைவுகள் போட்ட முகமூடிக்காரர் அலை. மஞ்சளில் கறுப்புக் கொடுக்கு வரைந்தவர் தேள். முகமூடிப் பந்தயம். முதலில் அக்கா இதை நம்பவே இல்லை. "கப்பல்ல போனவன் அல்லாம் இப்டித்தான் ரீல் வுடுவான். ஒருத்தன் திமிங்கலத்த பாத்தேன்றான், நீ அலைய பாத்தேன்ற" என்பார். பாய் இணையத்தில் துழாவித் துழாவிக் கடைசியில் அந்த ஆட்டத்தின் ஒரு பிரதியைக் கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு சுற்று வென்று சமநிலையில் நிற்கும்போது, மூன்றாவது சுற்றின் தொடக்கத்திலேயே படம் புள்ளி புள்ளியாகி நின்றுவிடும். ஆனால் அதிலேயே, மூன்றாவது வரிசையில், கட்டம் போட்ட சட்டையும் அடர்ந்த மீசையுமாக ஓர் இளைஞர் எழுந்து கையை ஆட்டுகிறார். சந்தேகமே இல்லை, கப்பலண்ணன்தான். அக்கா அன்று தன் கடையிலிருந்து எல்லோருக்கும் வடை கொண்டுவந்தார்.

மிச்சத்தைக் கப்பலண்ணன் வாயால்தான் கேட்டோம். முதலிரண்டு சுற்றில் யார் கால் எங்கே மாட்டியது, எந்தப் பிடி எப்படி நழுவியது என்று விரலால் காட்டிச் சொல்வார். மூன்றாவது சுற்று வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். "அப்பாலிக்கா ஒரு சத்தம் வந்துச்சு பாரு மாமு. ஊரே எய்ந்து கத்துச்சு. எஞ்சின் ரூம்ல அவ்ளோ வருசம் இருந்துகீறேன், அந்த மாதிரி சத்தம் கேட்டதே இல்ல. அலை ஜெய்ச்சிட்டான்." தன் கப்பல் கம்பெனி மூடி, சம்பளமில்லாமல் வேற்று நாட்டுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது அந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டு படுப்பாராம். நெஞ்சில் அறுவை சிகிச்சைக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதும் அதே சத்தம்தானாம். "அவன் மூஞ்சி இன்னிக்கி வரைக்கும் எவனுக்கும் தெரியாது. அது போதும் எனக்கு" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வாரம், அதே ஆட்டத்தின் முழுப் பிரதி என் கண்ணில் பட்டது. பதிவேற்றியவர் முடிவு வரை இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று, முடிவைப் பார்க்காமல், மூன்றாவது சுற்றில் ஓரிடத்தை மட்டும் ஓடவிட்டுச் சோதித்தேன். படம் தெளிவாக இருந்தது. மூடப் போகும்போது பழக்கத்தால் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

அன்று டைரியில் ஒரு வரிகூட எழுதவில்லை. கப்பலண்ணன் மூன்றாவது சுற்றில் எந்தப் பிடியையும் எங்களுக்குச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தத்தை மட்டுமே சொல்லியிருந்தார்.

ஞாயிறன்று மற்றவர்களுக்கு முன்பே போனேன். கப்பலண்ணன் மாடியில் தனியாக உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆமா சார். கப்பலு கெளம்பற டைமு. லேட்டா போனா ஏணிய தூக்கிடுவான். நடுவுல எய்ந்து ஓடியாந்தேன். ஹார்பர் கேட்டாண்ட வந்தப்போ பின்னால கேட்டுச்சு அந்த சத்தம்."

"அப்போ அலை ஜெயிச்சாருன்னு?"

"எஞ்சின்ல இன்னா கோளாறுன்னு காத வெச்சே சொல்றவன் சார் நானு. தோத்தா அப்டி சத்தம் வராது." துறைமுகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "போடு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

பாயும் அக்காவும் வந்தார்கள். முழுப் பிரதி என்றதும் பாய் புரொஜெக்டருக்கு சலாம் வைத்தார். முதலிரண்டு சுற்றும் எங்களுக்கு மனப்பாடம். வழக்கமாகப் படம் நிற்கும் இடம் வந்தது, தாண்டியது. தெரியாத ஒரு கடலுக்குள் படகு நுழைந்ததுபோல் நால்வரும் மூச்சை அடக்கினோம்.

முதலில் கண்டது அக்காதான். "யோவ் கப்பலு. உன் சேரு காலியா கீதேய்யா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாக்கவே இல்லியா நீ? இத்தினி நாளா எங்களாண்ட…" என்று ஆரம்பித்த அக்கா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கப்பலண்ணன் இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலை கயிற்றின் மேல் ஏறிப் பாய்ந்தார். ஒரு கணம் அந்த நீல உடல் எங்கள் சுவரின் தீவைக் கடந்து பறந்தது. தேள் விலகிவிட்டார். அலை தரையில் விழுந்தார். எழ முயன்றவரின் காலைத் தேள் பின்னிப் பிடித்து முதுகை வளைத்தார். விட்டுக்கொடுக்கிறாயா என்று நடுவர் குனிந்து கேட்டார். அலை தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி கேட்டார். மறுத்தார். மூன்றாம் முறை அலையின் கை தரையைத் தட்டியது.

தோற்றுவிட்டார்.

அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. பாய் "யா அல்லா" என்றது மட்டும் அறையில் கேட்டது. வர்ணனையாளர்கூட வாயை மூடிக்கொண்டார். அலை மேடை நடுவில் மண்டியிட்டார். இரண்டு பேர் வந்து பின்னந்தலையில் நாடாவை அவிழ்த்தார்கள். ஈரமான முடிச்சு, சீக்கிரம் அவிழவில்லை. பிறகு அவரே இரண்டு கைகளாலும் முகமூடியை மெதுவாக மேலே உருவினார்.

நரைக்கத் தொடங்கிய, வழுக்கை விழுந்த, சாதாரண மனிதர். நாடா அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். எங்கள் தெருவில் பால் வாங்கிக்கொண்டு போகும் யாரோ ஒருவரைப்போல் இருந்தார்.

அப்போது அரங்கம் எழுந்தது. ஒருவர், பத்துப் பேர், பிறகு எல்லோரும். பாராட்டாக வீசிய நாணயங்கள் மழைபோல் மேடையில் விழுந்தன. ஒரு சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. புரொஜெக்டரின் சின்ன ஒலிபெருக்கி தாங்காமல் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கியது.

கப்பலண்ணன் கண்ணை மூடியிருந்தார்.

"இதான்" என்றார். "இதே சத்தந்தான் சார். மாறவே இல்ல."

பிறகு எழுந்து நின்றார். காரணம் கேட்காமல் நாங்களும் நின்றோம். சுவரில் அந்த மனிதர் ஒலிவாங்கியை வாங்கித் தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். எந்த மொழியிலும் பெயரும் ஊரும் புரிந்துவிடும். நால்வருக்கும் புரிந்தது. அதைப் பலகையில் எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். இங்கும் எழுதவில்லை.

படம் முடிந்ததும் கப்பலண்ணன் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகையிடம் போனார். "பாக்காத ஆட்டத்த மொத எடத்துல வெச்சிட்டேன். மன்னிச்சிக்கங்க" என்று முதல் வரிசையை அழிக்கக் கையை உயர்த்தினார்.

அக்கா ஒரே எட்டில் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கபடிக்காரரின் பிடி, துணி கீழே விழுந்தது.

"கைய எடு நைனா. நானு தோத்துப்போன மேட்ச்ல ஒருத்தனும் எய்ந்து நின்னதில்ல. செருப்புதான் வந்துச்சு. தோத்தவனுக்கு ஊரே எய்ந்து நிக்கிதுன்னா அதுக்கு மேல இன்னாய்யா ஆட்டம் கீது?"

"நான் பாக்கலியே."

"கேட்டல்ல? போதும். இப்பதான் பாத்துட்டியே. பாய், இன்னா சொல்ற?"

"மொத எடம்" என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் சம்மதித்தேன். விதிப்படி நால்வரும் சம்மதிக்க வேண்டும். கப்பலண்ணன் வெகுநேரம் கழித்துத்தான் தலையசைத்தார்.

வென்றவர் பெயர் முதலில் என்பதும் எங்கள் விதி. சுண்ணக்கட்டியை எடுத்தேன், ஆனால் 'அலை' என்ற எழுத்தைத் தொட எனக்கே கை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கப்பலண்ணன்தான் என் கையிலிருந்து அதை வாங்கினார். பழைய வரியை உள்ளங்கையால் துடைத்து, அதே இடத்தில், சாய்ந்த எழுத்தில் 'தேள் – அலை' என்று எழுதினார். "ஒயுங்கா எய்தணும் சார். அவன் தோத்ததாலதான அந்த சத்தம் வந்துச்சு" என்றார். அவர் சிரித்ததை அன்று அப்போதுதான் பார்த்தேன்.

வெளியே மறுபடி தூறல். பாய் கீழே குரல் கொடுத்துத் தேநீர் வாங்கிவரச் சொன்னார். அக்கா தன் வழக்கத்துக்குத் திரும்பி, "கப்பலு, அந்த மீசைய எப்போ எட்த்த? அதோட இருந்தா ஒரு பொண்ணு திரும்பிப் பாத்திருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். பாரந்தூக்கிகள் ஈர வானத்தில் எப்போதும்போல் தலை திருப்பிக்கொண்டிருந்தன. நான் ஈரத்துணியைக் கம்பியில் காயப்போட்டேன்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து திருவொற்றியூர் வழியாக வரும்போது, மதில்களுக்கு அப்பால் எங்கோ ஒரு மைதானத்தில் கூட்டம் ஆர்ப்பரிப்பது கேட்டால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்பேன். யாரோ ஜெயித்துவிட்டார்கள் என்று முன்போல் நினைத்துக்கொள்வதில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கும் ஒருவருக்காகவும் அது இருக்கலாம் என்று தோன்ற, அது அடங்கும் வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.