பரணில் ஏறிய டர்பன்டைன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் கொழுந்தனார் விட்டுப்போனது. ஐந்தும் முழுசாக நிற்கின்றன. மூன்றாவதற்கு மட்டும் புத்தி கொஞ்சம் பிந்தி வரும். என்னோடு இந்த வீட்டில் இருப்பது அவன்தான். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் என்பதால், நான் சொல்லச் சொல்ல அவன் மகள் எழுதுகிறாள்.

கோடைக்கானலுக்கும் மேலே எங்கள் ஊர். பூண்டு விவசாயம். விதைக்கு ஒதுக்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் தொங்கவிடுவோம். அடுத்த நடவு வரைக்கும் அடுப்புப் புகை அதைக் காத்துக்கொள்ளும். இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அதனால் ஈரம் படக்கூடாத எதுவும் பரணுக்குத்தான் போகும். உப்பு, தீப்பெட்டி, நிலத்துப் பத்திரம், கல்யாணப் புடவை எல்லாம் அங்கேதான். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

போன வருஷம் என் மகனுக்கு ஹோம்ஸ்டே ஆசை வந்தது, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டு அறையை வாடகைக்கு விடுவதாம். வட்டக்கானலில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட ஆள் வருகிறதாம், நமக்கு வராதா என்றான். மலைக்கு வந்தும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற ஜனங்களுக்காகப் பின்பக்கத்து அறைகளில் பலகை அடித்தான். அதற்கு வார்னிஷ் பூச வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மப்ளர். பிரஷ் பிடித்த நேரத்தைவிட டீ கிளாஸைப் பிடித்த நேரம் அதிகம்.

வார்னிஷை இளக்கவும் பிரஷ் கழுவவும் ஒரு கேன் டர்பன்டைன் வந்தது. தண்ணீர் மாதிரி இருக்கும், தண்ணீர் இல்லை. பெயிண்டர் கையையும் அதிலேயே கழுவினார். சோப்புப் போட மாட்டார். அந்தக் கையோடு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டு, "தோசையில ஏதோ வாடை வருதுங்களே" என்றார்.

"வாடை தோசையில இல்ல, ஒம்ம கையில. மோந்து பாரும்" என்றேன். மோந்து பார்த்துவிட்டு அதே கையால் இன்னொரு தோசை கேட்டார்.

கேனை அடுப்படிப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று அன்றைக்கே மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"கடைக்காரர்ட்ட கேட்டுத்தாம்மா வாங்குனேன். இது ஆபத்து கம்மியான சாதி. வாடைகூட அம்புட்டு இருக்காது."

"பாம்புலயும் வெசம் கம்மியானது இருக்குலே. அதக் கொண்டாந்து பாயில படுக்க வெப்பியா?"

படித்தவன் அல்லவா, கேனைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டான். எதைவிடக் கம்மி என்று கடைக்காரனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கம்மி என்ற சொல் காதில் விழுந்ததும் இல்லை என்று எடுத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை பிடித்தது. பெயிண்டர் மழை விட்டதும் வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டார். பின் அறையில் கூரை ஒழுகிற்று. நான் பூண்டுக் காட்டில் வேலையாக இருந்த நேரமாகப் பார்த்து, கேன் நனையக்கூடாது என்று என் மகன் அதைப் பரணில் ஏற்றிவிட்டான். விதைப்பூண்டுக்குப் பக்கத்தில், எரிகிற அடுப்புக்கு மேலே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் அடுப்பு எரிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது. பூண்டு வாடைக்குள் வேறொரு வாடை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் ஊதுகுழலை வாயில் வைக்கப்போனாள்.

"ஊதாத! எந்திரி!"

"என்னங்கத்தே?"

"பரண்ல என்னமோ கெடக்கு. பிள்ளயக் கூட்டிட்டு வாசலுக்குப் போ, வெரசா."

அவள் லைட்டைப் போடக் கை நீட்டினாள். சுவிட்சில் தெறிக்கிற பொறியே போதும் என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கதவை விரியத் திறந்து வைத்து, எரிகிற விறகை இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக மழையில் கொண்டுபோய்ப் போட்டேன். அடுப்பில் கிடந்த கங்குகளைச் சாம்பலால் மூடி, அதன் மேல் ஈரமண்ணைக் கொட்டினேன். பயம் இருந்தது. வீடு போனால் இன்னொரு வீடு கட்டலாம். விதை போனால் அடுத்த நடவுக்கு அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும். இத்தனை வயசுக்கு நான் அப்படி நின்றதில்லை.

வாடை அடங்கிய பிறகுதான் மகன் ஏறினான், டார்ச் லைட்டை வாசலிலேயே போட்டு எடுத்துக்கொண்டு. கேன் வயிறு வீங்கிக் கிடந்ததாம். மூடி நெகிழ்ந்து, கசிந்தது பலகையில் ஓடி, ஓரத்து வரிசைக் கட்டுகளை நனைத்திருந்தது. அடுப்புக்கு நேர் மேலே சொட்டாததுதான் மிச்சம்.

இறங்கி வந்தவன் சொன்னதைக் கேளுங்கள்.

"ஈரம் படக்கூடாததப் பரண்ல வையின்னு நீதானம்மா சின்னதுல இருந்து சொல்லுவ."

"உப்பச் சொன்னேன். தீப்பெட்டியச் சொன்னேன். தீப்பிடிக்கிற தண்ணியச் சொன்னனா?"

"தீப்பெட்டியும் தீப்பிடிக்குமில்ல?"

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா இருமினாளா தெரியாது.

பெயிண்டருக்குப் போன் போட்டோம். "அடுப்புக்கு மேலயா!" என்று அங்கிருந்தே அலறினார். "சூடு பட்டா அதுல ஆவி கெளம்பும். அது மேல போகாதுங்க, கனம், கீழதான் எறங்கும்."

"இத இப்பச் சொல்றீரே, போறன்னைக்கு வாயில என்ன இருந்துச்சு?"

"வத்தலக்குண்டுல எந்த வீட்லங்க அடுப்புக்கு மேல சாமான் வெக்கிறாங்க? எனக்கெப்படித் தெரியும்?"

தெரியாதாம். எங்கள் வீட்டுப் பரணுக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தனை தோசையும் தின்றார்.

நனைந்த கட்டுகளை என் மகன் விடுவதாக இல்லை. வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும், மற்றதோடு கலந்து நட்டுவிடலாம் என்றான். முடியாது என்றேன். அடுப்பிலும் போடக்கூடாது, ஓடையிலும் எறியக்கூடாது, அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். வீட்டுக்கு எட்டத்தில், ஆடு மாடு போகாத பாறையில் விரித்துப்போடச் சொன்னேன். முனகிக்கொண்டே சுமந்தான். அதில் ஒரே ஒரு பூண்டுக் கட்டு மட்டும் தனியே எடுத்து வைத்தேன், அவன் வாயை அடைக்க.

நனையாத கட்டுகளிலும் வாடை ஏறியிருந்தது. அவை முளைக்குமா என்பது யாருக்கும் தெரியவில்லை. கொல்லையில் ஒரு பாத்தி பிடித்து, இந்தப் பக்கம் நனையாத பற்களையும், அந்தப் பக்கம் நனைந்த பற்களையும் ஊன்றினேன். தினமும் வெள்ளனே போய் மண்ணைப் பார்ப்பேன். வேறு சோலி ஓடவில்லை.

நனையாத பக்கம் முளை விட்டது. வரிசை தப்பாமல் பச்சையாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. நனைந்த பக்கத்தைக் கிளறினேன். பற்கள் சொதசொதவென்று கருத்துக் கிடந்தன.

என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பச்சையை மட்டும் பார்த்தான். "பாத்தியா, நாந்தான் அம்புட்டு ஆபத்தில்லன்னேன்ல" என்றான்.

அதற்கு மேல் அவனிடம் என்ன பேச? இப்போது கேன் கொல்லைக் கொட்டகையில் தரையோடு இருக்கிறது. வந்த கேனிலேயே இருக்கிறது, தண்ணீர் பாட்டிலுக்கு மாற்ற விடவில்லை. மூடி இறுக்கமாக, வெயிலும் நெருப்பும் எட்டாமல், காற்று வந்து போகிற இடத்தில். வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதால், மழை விட்டுத் திரும்பி வந்த பெயிண்டர் அதை வெளியே விரித்துப் போடுகிறார். இதெல்லாம் யாரும் உணர்ந்து செய்ததில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால் நடக்கிறது. நேற்று என் மகன், பனி இறங்குகிறது, கேனை உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டான். அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். என் வாய்ச்சொல்லை அவன் மதிப்பதில்லை, எழுத்தில் இருந்தால் மதிப்பான். அப்படித்தான் அவனைப் படிக்க வைத்துவிட்டேன்.

எழுதிட்டியாத்தா? எங்க, மொதல்ல இருந்து வாசி. சத்தமா வாசி, ஒங்கப்பன் உள்ளதான் இருக்கான்.